ஊருக்கு வந்த பிறகு உலகம் சுற்ற ஆசை: மனைவி வரமாட்டேன் என்கிறார்

கேள்வி:

வயது 59. சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். 26 வருடமாக அமீரகத்தில் இருக்கிறேன். இப்போது அபுதாபியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். அடுத்த ஜூனில் 60 முடிகிறது, அத்துடன் விசா கேன்சல். அப்போது இந்தக் கம்பெனியில் 22 வருடம் முடிந்திருக்கும். பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 6,000 திர்ஹம். என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கு) டெபாசிட்டில் 55 லட்சம் இருக்கிறது, கடன் இல்லை. ஊரில் சொந்த வீடு, மாடி வாடகை 8,000. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. எனக்கு சுகர் உண்டு, மாத்திரையில் கட்டுப்பாடாக இருக்கிறது.

இத்தனை வருடம் விமானத்தில் போய்வந்தும் திருச்சி, சென்னை, அபுதாபி தவிர ஒன்றும் பார்த்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு மனைவியோடு உலகம் சுற்ற வேண்டும் என்பது பல வருடக் கனவு. முதலில் ஐரோப்பா, 15 நாளில் ஆறு நாடு என்று ஒரு டூர் பார்த்து வைத்திருக்கிறேன். மனைவியிடம் சொன்னபோது, "நீங்க போயிட்டு வாங்க, நான் எங்கேயும் வரலை" என்று முடித்துவிட்டாள். பிள்ளைகளைப் படிக்க வைத்தது, வீடு கட்டியது, என் அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது எல்லாம் அவள்தான். அவளுடைய அம்மா, 82 வயது, அடுத்த தெருவில் இருக்கிறார்.

வேலை முடியும்போது கம்பெனி தரும் கிராஜுவிட்டி பணத்தில் மனை வாங்கிப் போடுங்கள் என்கிறார் மைத்துனர். ஜூனில் போனால் வரியில் மாட்டுவீர்கள், அக்டோபருக்கு மேல் ஊருக்குப் போங்கள் என்கிறார் ரூம் நண்பர். பணம் போதுமா? மனைவியை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், அபுதாபி)

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

பணம் போதும். நிறுத்தாமல் உலகம் சுற்றும் அளவுக்கு இல்லை. வருடத்துக்கு ஒரு வெளிநாடு, இரண்டு மூன்று உள்நாட்டுப் பயணம் என்று ஏழெட்டு வருடம் நிம்மதியாகப் போய்வர முடியும். 60-இலிருந்து 68 வரை என்பது காலும் கண்ணும் ஒத்துழைக்கும் வயது. அந்த வருடங்களை நீங்கள் இப்படிச் செலவிட நினைப்பதில் எனக்கு முழுச் சம்மதம்.

எனக்குக் கவலை தருவது உங்கள் இரண்டாவது கேள்விதான். நாடு, நாள், டூர் எல்லாவற்றையும் முடிவு செய்த பிறகு மனைவியிடம் சொல்லியிருக்கிறீர்கள். இப்போது அவரைச் சம்மதிக்க வைக்க வழி கேட்கிறீர்கள். உங்களுக்குப் பல வருடக் கனவு என்றால், அவருக்கு அது ஒரு போன் காலில் வந்த தகவல். "நான் எங்கேயும் வரலை" என்பதை அவருடைய முடிவாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். கேட்காமல் போட்ட திட்டத்துக்கு அவர் சொன்ன பதில் அது. முதலில் பணத்தைப் பார்த்துவிடுவோம். ஏனென்றால், மனைவியுடன் நீங்கள் உட்கார்ந்து பேசும்போது கையில் கணக்கு இருக்க வேண்டும்.

உங்கள் கிராஜுவிட்டியைப் போட்டுப் பார்த்தேன். அமீரகச் சட்டப்படி முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் பேசிக், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு வருடத்துக்கும் 30 நாள் பேசிக். உங்களுடைய ஒரு நாள் பேசிக் 200 திர்ஹம். முதல் ஐந்து வருடத்துக்கு 21,000, அடுத்த 17 வருடத்துக்கு 1,02,000. ஆக மொத்தம் 1,23,000 திர்ஹம். ஒரு திர்ஹத்துக்கு 23 ரூபாய் என்று அடக்கமாக வைத்தாலும் 28 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். வேலை முடிந்து 14 நாளுக்குள் செட்டில்மென்ட் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எடுக்காத லீவுக்கான பணத்தையும், ஊருக்கு வரும் டிக்கெட்டையும் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்தில் பேசிக் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதோ அதை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். நடுவில் சம்பளம் கூடியபோது அலவன்ஸை மட்டும் கூட்டிவிட்டு பேசிக்கை அப்படியே விட்டிருக்கலாம். அதனால் அந்தத் தாளை இப்போதே எடுத்துச் சரிபாருங்கள்.

55-உம் 28-உம் சேர்ந்து 83 லட்சம். உங்களுக்குப் பென்ஷன் கிடையாது. கடைசிவரை இந்தப் பணம்தான். அதனால் இதை நான் இப்படிப் பிரிப்பேன். மருத்துவ அவசரத்துக்கு 10 லட்சம், இதைத் தொடவே கூடாது. மகன் கல்யாணத்துக்கு 10 லட்சம். பயணத்துக்கு 15 லட்சம். மீதி 48 லட்சம் மாதச் செலவுக்கு வருமானம் தர வேண்டிய பணம். அதில் 30 லட்சத்தை அஞ்சலகத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். 60 முடிந்திருக்க வேண்டும், என்ஆர்ஐ-யாக இருக்கும்போது திறக்க முடியாது. உங்களுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் கூடி வருகிறது. இப்போதைய வட்டி 8.2 சதவீதம். மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500. மீதி 18 லட்சம் 7 சதவீத டெபாசிட்டில் இருந்தால் மாதம் 10,500. வாடகை 8,000. எல்லாம் சேர்த்து மாதம் 39,000 வருகிறது.

சொந்த வீடு, கடன் இல்லை என்ற நிலையில் கும்பகோணம் பக்கத்தில் இருவருக்கு இது இன்றைக்குப் போதும். பத்து வருடம் கழித்துப் போதாது. அதனால் அந்த 18 லட்சத்தில் ஒரு ஐந்தாறு லட்சத்தையாவது வளரும் இடத்தில், அதாவது கொஞ்சம் கொஞ்சமாக நல்ல மியூச்சுவல் ஃபண்டில், வைக்கச் சொல்வேன். அதைப் பற்றி நீங்கள் ஊருக்கு வந்த பிறகு பேசலாம், இப்போது அவசரம் இல்லை.

மைத்துனர் சொல்லும் மனைக்கு வருகிறேன். 28 லட்சத்தை மண்ணில் போட்டால் பயணப் பணமும் போய்விடும், மாத வருமானத்திலும் துண்டு விழும். மனை மாதா மாதம் வட்டி தராது. அவசரத்துக்கு விற்கப் போனால் நினைத்த விலைக்கு ஆள் கிடைக்காது. வளைகுடாவிலிருந்து ஊருக்கு வந்தவர்களில், கையில் நாலு மனையும் மருந்துக்கடையில் பாக்கியுமாக நிற்கும் பலரை எனக்குத் தெரியும். மைத்துனர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். சொந்த வீடு இல்லாத ஒருவருக்கு அது நல்ல யோசனையாகக்கூட இருக்கலாம். உங்களுக்கு வேண்டாம். இதை நீங்களாகச் சொல்லாமல் மனைவி மூலமாகச் சொல்லுங்கள். அவருடைய தம்பியோ அண்ணனோ, அவர் சொன்னால் மனம் கோணாது.

ரூம் நண்பர் சொன்னது தவறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது உங்களுக்குப் பொருந்தாது. இந்தியாவில் வருமான வரிக் கணக்கு ஏப்ரலில் தொடங்குகிறது. ஒரு நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்தால் நீங்கள் இங்கே வசிப்பவர். அக்டோபர் பாதிக்கு மேல் வந்தால் அந்த வருடம் 182 நாள் சேராது, இன்னொரு வருடம் என்ஆர்ஐ-யாகவே கழிந்துவிடும் என்பது அவர் கணக்கு. வெளிநாட்டில் பெரிய வருமானம் வைத்திருப்பவர்களுக்கு அது உதவும். உங்களுக்கு வட்டியும் வாடகையும் எல்லாம் சேர்த்தாலும் வருடத்துக்கு எட்டு லட்சம் தாண்டாது. இங்கே வசிப்பவர் என்றால் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி கட்ட வேண்டியதில்லை. வராத வரிக்குப் பயந்து வேலையில்லாமல் நாலு மாதம் அபுதாபியில் அறை வாடகை கொடுத்து உட்கார்ந்திருப்பதில் என்ன லாபம்? ஜூனிலேயே வாருங்கள்.

வரி இல்லாவிட்டாலும் வருடா வருடம் ரிட்டர்ன் தாக்கல் செய்யுங்கள். இனி உங்களிடம் சம்பளச் சீட்டு இருக்காது. பல நாடுகள் விசாவுக்குக் கேட்கும்போது காட்ட இருப்பது ரிட்டர்னும் பேங்க் ஸ்டேட்மென்டும்தான்.

வரியைவிடப் பலர் கோட்டை விடுவது வங்கிக் கணக்கில். ஊருக்கே வந்துவிட்ட பிறகு என்ஆர்இ கணக்கை என்ஆர்இ-யாகவே வைத்திருக்கக் கூடாது. வந்ததும் வங்கியில் சொல்லிச் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும். வரிச் சட்டத்தின் 182 நாள் கணக்கு இதற்குக் கிடையாது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி, இங்கேயே இருக்கப் போகிறோம் என்று வந்து இறங்கியதும் உங்கள் நிலை மாறிவிடுகிறது. அதன்பிறகு வரும் வட்டிக்கு வரிவிலக்கும் இல்லை. "யார் கேட்கப் போகிறார்கள்" என்று சிலர் வருடக் கணக்கில் விட்டுவைக்கிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

உங்கள் பயணப் பணத்துக்கு இங்கே ஒரு நல்ல வழி இருக்கிறது. 15 லட்சத்தில் பாதியை, என்ஆர்ஐ-யாக இருக்கும்போதே எஃப்சிஎன்ஆர் டெபாசிட்டில், அதாவது என்ஆர்ஐ-கள் இந்திய வங்கியில் வெளிநாட்டுப் பணமாகவே போடும் டெபாசிட்டில், டாலராகப் போடுங்கள். ஒரு வருடம் முதல் ஐந்து வருடம் வரை போடலாம். ஊருக்கு வந்த பிறகும் முதிர்வு வரை அதே வட்டியில் ஓடும். முதிர்ந்ததும் ஆர்எஃப்சி கணக்குக்கு மாற்றுங்கள். ஊருக்குத் திரும்பியவர்கள் வெளிநாட்டுப் பணமாகவே வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதித்துள்ள கணக்கு அது. கிராஜுவிட்டி பணத்தையும் அதில் போடலாம். ரூபாய் டெபாசிட்டைவிட வட்டி குறைவுதான். ஆனால் வெளிநாட்டு ஹோட்டலுக்கும் டிக்கெட்டுக்கும் டாலரில் செலவு செய்யப் போகிறவருக்கு, ரூபாய் மதிப்பு இறங்கினாலும் பயணம் சுருங்காது. இன்னொரு நன்மையும் உண்டு, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தனிக் கணக்கில், தனி நாணயத்தில் இருக்கும் பணத்தைக் கைமாற்று கேட்பவரிடம் எடுத்துக் கொடுக்கத் தோன்றாது. வளைகுடாவிலிருந்து வந்தவர் என்றால் முதல் ஆறு மாதம் கேட்டு வருபவர்கள் வரிசையாக வருவார்கள்.

கிளம்புவதற்கு முன் அங்கே கிரெடிட் கார்டு, லோன், மொபைல் பில், வாகன அபராதம் எல்லாவற்றையும் முடித்து, பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். சின்ன கார்டு பாக்கி வட்டியோடு வளர்ந்து, நாலு வருடம் கழித்து அந்த ஊர் வழியாகப் போகும்போது பிடித்து நிறுத்தும். பயணம் போக ஆசைப்படுபவர் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

அடுத்து மருத்துவக் காப்பீடு. இதை ஜூன் வரை தள்ளாதீர்கள், இந்த மாதமே செய்யுங்கள். விசா கேன்சலானதும் கம்பெனி இன்சூரன்ஸ் முடிந்துவிடும். இந்தியாவில் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 2024 ஏப்ரலில் இருந்து அது அதிகபட்சம் 36 மாதம், அதற்கு முன் 48 மாதமாக இருந்தது. இன்றைக்கு எடுத்தால் ஊருக்கு வரும்போது அதில் ஒரு பகுதி கழிந்திருக்கும். சுகர் இருப்பதை ஃபாரத்தில் மறைக்காமல் எழுதுங்கள். எழுதாமல் விட்டால், பிறகு ஆஸ்பத்திரியில் படுக்கும்போது கிளெய்மை நிராகரிக்க அதுவே காரணமாகிவிடும். மனைவியையும் சேர்த்து எடுங்கள். தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை, பிரீமியம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அங்கே உங்களுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனை, இசிஜி எல்லாவற்றையும் நகல் வாங்கி வாருங்கள்.

சரி, இனி உங்கள் மனைவி.

அவர் வெளியூர் போகப் பயப்படுகிறார் என்றோ, ஆசையே இல்லாதவர் என்றோ நீங்கள் நினைத்தால் அது அவசர முடிவு. நீங்கள் எழுதிய நாலு வரியிலேயே எனக்கு வேறு காரணங்கள் தெரிகின்றன. அடுத்த தெருவில் 82 வயது அம்மா இருக்கிறார். 15 நாள் ஐரோப்பா போனால் அவரை யார் பார்ப்பது? உங்கள் டூர் தாளில் அதற்குப் பதில் இல்லை. மகன் கல்யாணம் முடியவில்லை. அதற்கு முன் லட்சக்கணக்கில் செலவு செய்து வெளிநாடு போய்வந்தால், பெண் பார்க்கப் போகிற இடத்தில் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லப் போவது அவர்தான். மேலும் இத்தனை வருடமும் நீங்கள் அனுப்பிய பணத்தில் ஒவ்வொரு ரூபாயும் எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்துச் செலவு செய்தவர் அவர். ஆறு நாட்டு டூர் என்று கேட்டதும் அவர் மனதில் முதலில் ஓடியது தொகையாகத்தான் இருக்கும்.

இதைவிட ஆழமான ஒன்றும் இருக்கலாம். நீங்கள் ஊருக்கு வந்த ஒவ்வொரு லீவிலும் உங்களுக்கு ஓய்வு, அவருக்கு வேலை. உறவினர் வீடு, கோயில், விருந்து, பெட்டி கட்டுவது என்று அந்த நாற்பது நாளும் ஓடியே கழிந்திருக்கும். நீங்கள் நிரந்தரமாக வரும்போது அவர் எதிர்பார்ப்பது ஒருவேளை வேறாக இருக்கலாம். காலையில் அவர் எழுந்திருக்கும் முன் நீங்கள் பால் வாங்கி வருவது, அவருடைய அம்மாவை டாக்டரிடம் நீங்கள் கூட்டிப்போவது, கரண்ட் பில், தண்ணீர் மோட்டார், மாடி வீட்டுக்காரர் பஞ்சாயத்து எல்லாவற்றையும் ஒரு வருடமாவது இன்னொருவர் தோளில் இறக்கி வைப்பது. இதெல்லாம் கிடைக்கும் முன்பே "வா, பாரிஸ் போகலாம்" என்றால், அவருக்கு அது இன்னொரு பெட்டி கட்டும் வேலையாகத்தான் படும்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த வீடு அவர் நடத்திய வீடு. சூப்பர்வைசராக இருந்த பழக்கத்தில் போனதும் சமையலறை அலமாரியில் இருந்து வங்கிப் புத்தகம் வரை ஒழுங்குபடுத்தக் கிளம்பாதீர்கள். வளைகுடாவிலிருந்து வந்த கணவரோடு முதல் ஆறு மாதத்தில் சண்டை வராத வீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. பெரும்பாலும் காரணம் இதுதான். அவர் வழியில் நடக்கும் வீட்டில் நீங்கள் புதிதாகச் சேர்ந்த ஆள் என்று நினைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஆகவே முதல் வருடம் பெரிய பயணம் வேண்டாம் என்பது என் யோசனை. ஐரோப்பா டூருக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

அதற்குப் பதிலாக ஒன்று செய்யுங்கள். இந்தக் குளிர்காலத்தில், நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள், மனைவியை விசிட் விசாவில் அபுதாபிக்கு வரவழையுங்கள். 26 வருடமாக அவருக்கு உங்கள் முகவரி ஒரு போஸ்ட் பாக்ஸ் எண். போட்டிம் வீடியோ காலில் உங்கள் முகத்துக்குப் பின்னால் தெரியும் சுவர்தான் அவர் பார்த்த அபுதாபி. நீங்கள் வேலை செய்யும் முசஃபா தெருவை, வெள்ளிக்கிழமை நீங்கள் துணி துவைக்கும் இடத்தை, டீ குடிக்கும் கடையை அவர் பார்க்க வேண்டும். விசா கேன்சலான பிறகு அங்கே நீங்களும் வெறும் டூரிஸ்ட்தான். வேலையில் இருக்கும் உங்களை அவர் பார்க்க இந்த ஒரு வருடம்தான் மீதி. கம்பெனி ரூமில் குடும்பத்தைத் தங்க வைக்க முடியாது, ஒரு மாதத்துக்கு ஒரு ஸ்டுடியோ எடுங்கள். வாடகை, டிக்கெட், விசா எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்குள் அடக்கலாம். அதை இப்போதைய சம்பளத்திலிருந்து செய்யுங்கள், பயணப் பணத்தைத் தொடாதீர்கள். ஷேக் சயீத் பெரிய பள்ளிவாசல், 2024 பிப்ரவரியில் திறந்த சுவாமிநாராயண் கோயில், அல் ஐன் பேரீச்சந்தோப்பு என்று பார்க்கவும் நிறைய இருக்கிறது. அந்த ஒரு மாதம் அவருடைய அம்மாவை யார் பார்ப்பது என்பதற்கு ஒரு ஏற்பாடு செய்துதான் ஆக வேண்டும். மகளோ, அவருடைய உடன்பிறந்தவர்களோ, சம்பளத்துக்கு ஒரு பெண்ணோ. அந்த ஏற்பாடு இப்போது ஒருமுறை நடந்துவிட்டால், பிறகு வரும் பயணங்களுக்கும் வழி திறந்துவிடும்.

ஊருக்கு வந்த பிறகு, நாலு நாள் போய் நாலு நாளில் திரும்பும் தூரத்தில் தொடங்குங்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கிறது, 2023 அக்டோபரில் தொடங்கியது, கடலில் சுமார் நாலு மணி நேரம். காற்று மழைக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள், அதைப் பார்த்துக்கொண்டு போங்கள். யாழ்ப்பாணமும் நல்லூரும் உங்கள் வீட்டுக்கு இவ்வளவு பக்கம் என்பதை நம் பக்கத்து ஆட்களே மறந்துவிட்டார்கள்.

அடுத்தது மலேசியா. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம் உண்டு. இந்தியர்களுக்கு 30 நாள் விசா வேண்டாம் என்று 2026 டிசம்பர் 31 வரை அறிவித்திருக்கிறார்கள், நீங்கள் போகும்போது நீட்டிப்பு இருக்கிறதா என்று டிக்கெட் போடும் முன் பாருங்கள். கெடா மாநிலத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. ராஜேந்திரன் கொண்டதாக நாம் படித்த கடாரம் அந்தப் பக்கம்தான். தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் பக்கத்தில் இருக்க வளர்ந்த உங்கள் இருவருக்கும் அந்த இடம் அந்நியமாக இருக்காது. அப்படியே இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் கம்போடியாவில் அங்கோர். மூன்று நாள் நுழைவுச் சீட்டு 62 டாலர், ஒரு நாள் சீட்டு 37. மூன்று நாளுக்கே வாங்குங்கள், சுகர் இருப்பவர் வெயிலில் ஒரே நாளில் பார்க்க முயலக் கூடாது. வியட்நாமில் மீ சன் என்ற இடத்தில் சம்பா அரசர்கள் கட்டிய சிவன் கோயில்கள் இருக்கின்றன. தென்கிழக்கு ஆசியாவில் சோறு கிடைக்கும், குளிர் இல்லை, நேர வித்தியாசம் குறைவு, செலவும் ஐரோப்பாவைவிட மிகக் குறைவு. பத்து நாளுக்கு இருவருக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம் வைத்தால் சிக்கனமாக முடித்துவிடலாம்.

இதற்கிடையில் உங்கள் மனைவி காசி என்றோ ராமேஸ்வரம் என்றோ சொன்னால், அதை உங்கள் பட்டியலுக்குக் குறுக்கே வந்ததாக நினைக்காதீர்கள். அதுதான் முதல் பயணமாக இருக்க வேண்டும். எங்கே போக வேண்டும் என்று அவர் வாயால் ஓர் ஊர் வந்துவிட்டால் உங்கள் பிரச்சினை பாதி தீர்ந்தது. கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் யோசித்துச் சொல்லும் வரை பொறுமையாக இருங்கள்.

ஐரோப்பாவை ஒதுக்கச் சொல்லவில்லை. மூன்றாவது வருடம் வைத்துக்கொள்ளுங்கள், மகன் கல்யாணமும் அதற்குள் முடிந்திருக்கும். ஆனால் 15 நாளில் ஆறு நாடு என்பது பாதி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது. ஒரு நாடு, மிஞ்சினால் இரண்டு நாடு போதும். ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஒன்று வாங்கினால் 29 நாட்டுக்குச் செல்லும். 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். விசா கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். மூன்று வருடத்துக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு, அடுத்து இரண்டு வருட விசா தருவது என்று 2024 ஏப்ரலில் விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். மலேசியா, கம்போடியா முத்திரைகள் பாஸ்போர்ட்டில் இருந்தால், ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் என்று காட்ட அவையும் துணைக்கு நிற்கும்.

நீங்கள் மட்டும் தனியாகப் பார்க்க ஆசைப்படும் இடம் ஏதாவது இருந்தால், அதை இந்த வருடமே முடித்துக்கொள்ளலாம். அமீரக ரெசிடென்ஸ் விசா கையில் இருப்பவர்களுக்கு ஜார்ஜியா, அஜர்பைஜான் போன்ற நாடுகளில் விசாச் சலுகை உண்டு, அப்போதைய நிபந்தனைகளை டிக்கெட் போடும் முன் பாருங்கள். கேன்சலான பிறகு இந்தச் சலுகை கிடையாது. ரூம் நண்பர்களோடு நாலு நாள் போய்வாருங்கள். மனைவியே "நீங்க போயிட்டு வாங்க" என்று சொன்னாரே, அதற்கு இதைப் பயன்படுத்திக்கொள்வதில் தப்பில்லை.

கணக்குகளில் மனைவி பெயரைச் சேர்ப்பது, நாமினி போடுவது இரண்டையும் அடுத்த லீவில் செய்துவிடுங்கள். இந்தக் கடிதத்தில் உள்ள எண்களை அவர் முன்னால் வைத்துப் பேசுங்கள். மாதம் 39,000 போதுமா என்ற கேள்விக்கு என்னைவிடவும் உங்களைவிடவும் சரியான பதில் அவரிடம்தான் இருக்கிறது. அவர் 45,000 வேண்டும் என்றால் பயணப் பணத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். அப்போது அந்த முடிவையும் இருவருமாக எடுங்கள்.

மனைவிக்குப் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், தஞ்சாவூரிலேயே பாஸ்போர்ட் சேவா மையம் இருக்கிறது, 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். இருந்தால் எடுத்துப் பெயரைப் பாருங்கள். நம்மவர்கள் பலருக்கு இனிஷியலை விட்டுவிட்டு ஒரே பெயர் மட்டும் இருக்கும், சர்நேம் கட்டம் காலியாக இருக்கும். ஒற்றைப் பெயர் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா தருவதில்லை என்று அமீரகம் 2022 நவம்பரில் விதி கொண்டுவந்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள், ஆனாலும் ஏர்லைன் கவுன்டரில் வாக்குவாதம் செய்யும் நிலை வேண்டாம். அவருடைய அப்பா பெயரோ உங்கள் பெயரோ, எது வேண்டும் என்று அவரையே கேட்டு, சர்நேம் கட்டத்தை நிரப்பி மாற்றி வாங்கிவிட்டு, அதற்குப் பிறகு நவம்பர் டிக்கெட்டைப் பாருங்கள்.